பசிக்கல்ல, விருப்பத்துக்கு: தமிழகத்திலும் இலங்கையிலும் தூண்டில் ஒழுக்கம்

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்திலும் மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்திலும் வெயில் தாழ்ந்ததும் தூண்டிலோடு வந்து நிற்பவர்களைக் காணலாம். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டு முகத்துவாரத்திலும், கடலுக்குள் கல் கொட்டி நீட்டியிருக்கும் தூண்டில் வளைவுகளிலும் அதே காட்சிதான். ஆசிரியர், வங்கி ஊழியர், ஆட்டோ ஓட்டுநர், கல்லூரி மாணவர் என்று பலரும் அங்கே உண்டு. அன்றைக்கு ஒரு மீனும் படாவிட்டாலும் இவர்கள் வீட்டில் உலை வைப்பது நிற்காது. பக்கத்தில் கட்டுமரத்தையோ வள்ளத்தையோ தள்ளிக்கொண்டு போகிறவரின் நிலை அப்படியல்ல. அவர் பிழைப்புக்காகப் பிடிக்கிறார், நாம் விருப்பத்துக்காகப் பிடிக்கிறோம். ஆகவே கடலிடமும் கரையிடமும் நமக்குள்ள கடமை அவருடையதைவிடக் கூடுதல். இதை நம்புகிறவன் என்ற முறையில், அந்தக் கடமை இரு நாடுகளிலும் எப்படி நிறைவேறுகிறது, எங்கே தவறுகிறது என்று பார்க்க முயல்கிறேன்.

கரைக்கு உரியவர்கள்

கடல் எல்லோருக்கும் பொது என்பது நகரத்திலிருந்து தூண்டிலோடு வருகிறவரின் எண்ணம். கரையில் வாழ்கிறவர்கள் அப்படி நினைப்பதில்லை. இலங்கையில் கரைவலை இழுக்கும் இடம் ஒவ்வொன்றும் ஒரு ‘பாடு’. அதற்கு எல்லை உண்டு, உரிமம் உண்டு, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி உண்டு. நீர்கொழும்புக் களப்பிலும் நம் பழவேற்காட்டு ஏரியிலும், யார் எந்த இடத்தில் எந்த முறையில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. பழவேற்காட்டிலும் அதைப் பாடு என்றே சொல்கிறார்கள்.

வேறுபாடு, இந்த ஒழுங்கை யார் காக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. சோழமண்டலக் கரையில் ஊர்ப் பஞ்சாயத்தின் சொல்லுக்கு மதிப்பு அதிகம். எந்த வலை ஆகும், எது ஆகாது என்பதை ஊர் கூடி முடிவு செய்த நிகழ்வுகள் பல. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் கரையோரக் கடலைச் சிறு படகுகளுக்கென ஒதுக்கியது அரசின் பங்கு. இலங்கையின் வடக்கில் அந்த இடத்தில் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமும், சங்கங்கள் சேர்ந்த சமாசமும் நிற்கின்றன. வெளியூர்க்காரர் ஒருவர் ஒரு துறையில் படகு எடுக்க வேண்டுமென்றால், சங்கத்துக்குத் தெரியாமல் எடுப்பது மரியாதை ஆகாது. தமிழகத்தில் இந்தப் பழக்கம் பொழுதுபோக்காளர்களிடம் குறைவு. காரை நிறுத்திவிட்டு, கரைவலை வளைத்துக்கொண்டிருக்கும்போதே அதன் வாயில் தூண்டில் வீசுகிறவர்களைப் பார்க்கிறோம். வலையில் தூண்டில் முள் மாட்டினால் இழுப்பவரின் உள்ளங்கை கிழியும்.

இரு கரைகளிலும் செய்ய வேண்டியது ஒன்றே. கரையில் முதலில் கண்ணில் படும் பெரியவரிடம், “ஐயா, இங்க தூண்டில் போடலாமா? வலை எப்ப வளைப்பீங்க?” என்று கேட்பது. யாழ்ப்பாணத்தில் “ஐயா, இதில நிண்டு தூண்டில் போடலாமோ?” என்றால் போதும். கேட்டவரை யாரும் விரட்டுவதில்லை. எங்கே பாறை இருக்கிறது, எந்தப் பக்கம் நீரோட்டம் இழுக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லி அனுப்புவார்கள்.

படகு எடுக்கும்போது இன்னொரு சிக்கல் வருகிறது. ராமேஸ்வரத்தில் ஃபைபர் படகு பிடித்தாலும், திருகோணமலையிலோ கற்பிட்டியிலோ வள்ளம் பிடித்தாலும், படகோட்டி பெரும்பாலும் தொழில் மீனவரே. பிடித்ததை உயிரோடு விட வேண்டும் என்பது வாடகைக்கு எடுத்தவரின் ஆசை. பத்துக் கிலோப் பாரையைக் கண்ணெதிரே கடலில் விடுவது படகோட்டிக்கு அன்றைய வருமானத்தை விடுவது. அவரைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. கரையை விட்டுக் கிளம்பும் முன்பே பேசி, விடப்போகும் மீனுக்கும் ஈடாகும்படி வாடகையைக் கூட்டிக் கொடுப்பதே நேர்மை. பிடித்த மீனை நாமே கொண்டுபோய் ஏலத்தில் விற்பது இரு கரையிலும் தவறு. அது அவருடைய சந்தை.

தடைக்காலமும் பருவக்காற்றும்

காலத்தைப் பொறுத்தவரை இரு நாடுகளும் நன்றாக வேறுபடுகின்றன. இந்தியக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மீன் இனம் பெருக இடம் கொடுப்பதே நோக்கம். நாட்டுப் படகுகளுக்கு இந்தத் தடை இல்லை, கரையில் நின்று தூண்டில் போடுகிறவரையும் இது கட்டாது. அதனாலேயே, கடல் ஓய்ந்து கிடக்கும் அந்த வாரங்களைத் தங்களுக்குக் கிடைத்த நல்ல பருவமாகச் சிலர் கருதுகிறார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வருமானத்தைவிட்டு வீட்டில் இருக்கும்போது, அந்த இழப்பால் பெருகும் மீனை விளையாட்டுக்குப் பிடித்துக் குவிப்பது எனக்கு உடன்பாடில்லை. சட்டம் அனுமதித்தாலும் சினை மீனை விட்டுவிடுவதும், வீட்டுக் குழம்புக்கு மேல் ஒன்றும் எடுக்காமலிருப்பதும் அந்த 61 நாட்களுக்கு நாம் காட்டும் மதிப்பு.

இலங்கையில் எல்லா மீனுக்குமான இத்தகைய ஆண்டுத் தடை கிடையாது. சிங்கி இறால் போன்ற சிலவற்றுக்கே தடை மாதங்கள் உண்டு. அங்கே பருவக்காற்றுதான் கதவைத் திறந்து மூடுகிறது. தென்மேற்குப் பருவத்தில் மேற்கும் தெற்கும் கொந்தளிக்கும், கிழக்கு அமைதியாகும். வடகிழக்குப் பருவத்தில் இது தலைகீழாகும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துக் கடற்றொழிலாளர்கள் பருவத்துக்கு முல்லைத்தீவு, திருகோணமலைக் கரைகளுக்குப் போய் வாடி அமைத்துத் தங்குவதும் இதனால்தான். முன்பெல்லாம் ஒவ்வொரு கரைக்கும் சில மாத ஓய்வு இப்படியே கிடைத்தது. வாகனமும் சாலையும் நன்றாக இருக்கும் இக்காலத்தில் பொழுதுபோக்காளர் ஒருவர் ஆண்டு முழுவதும் கரை மாற்றி மாற்றிப் பிடிக்க முடியும். இயற்கை வைத்த ஓய்வைத் தாண்டிப் போகும் வசதி கிடைத்துவிட்டதால், ஓய்வைத் தானே வகுத்துக்கொள்ளும் பொறுப்பும் அவருடையதாகிறது. இந்த இடத்தில் இலங்கைக்காரர்கள் தமிழகத்தின் நாட்காட்டியைப் பார்த்துக் கற்கலாம்.

எதைத் தொடக் கூடாது

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல்வாழ் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டன. வனத்துறை அனுமதியின்றி அத்தீவுகளில் இறங்குவதும் அங்கே மீன்பிடிப்பதும் குற்றம். இலங்கையில் ஹிக்கடுவை, நிலாவெளியை அடுத்த புறாத்தீவு ஆகியவை தேசியப் பூங்காக்கள். புறாத்தீவு 1963-லேயே சரணாலயமாகி 2003-இல் தேசியப் பூங்காவானது. பவளப்பாறைக்கு மேல் நங்கூரம் போடாதிருப்பது இரு நாட்டிலும் முதல் பாடம்.

மீன் வகைகளில் இந்தியச் சட்டத்தின் பட்டியல் நீளம். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் திமிங்கலச் சுறாவும், சில சுறா, திருக்கை வகைகளும், கடல் குதிரையும், ராட்சதக் கலவாவும் சேர்க்கப்பட்டன. ராட்சதக் கலவா தூண்டிலில் படக்கூடிய மீன். அதைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்து மகிழ்கிறவர், தான் புலிக்குரிய சட்டத்தின் கீழ் வருவதை அறிந்திருக்க வேண்டும். இலங்கை தன் ஒழுங்குவிதிகளில் த்ரெஷர் சுறாவை 2012-லும், வெண்முனைப் பெருங்கடல் சுறாவையும் திமிங்கலச் சுறாவையும் 2015-லும் தடை செய்தது. இந்தியப் பட்டியல் பெரும்பாலும் கரையோர உயிர்களையும், இலங்கையின் விதிகள் ஆழ்கடல் சுறாக்களையும் முன்வைக்கின்றன. இரு நாட்டுக் கடலிலும் பிடிக்கிறவர் இரண்டையும் தெரிந்து வைத்திருப்பதே முறை.

பட்டியலில் இல்லாத மீனிலும் அளவு பார்க்க வேண்டும். தமிழகத்தில் கலவா என்றும் இலங்கையில் கலவாய் என்றும் சொல்லும் இனம் பெண்ணாக வளர்ந்து, பெரிதான பின் ஆணாக மாறும். கொடுவா இதற்கு எதிர்மாறு, ஆணாகத் தொடங்கிப் பெரிதானதும் பெண்ணாகும். ஆகவே பெரிய கலவாக்களையே தேடிப் பிடித்தால் அந்தப் பாறைத் திட்டில் ஆண்கள் அருகிவிடும். முகத்துவாரத்துப் பெரிய கொடுவாக்களையே பிடித்தால் முட்டையிடும் தாய்கள் போய்விடும். பெரும் பாரை 60 சென்டிமீட்டர் அளவில்தான் முதிர்ச்சி அடைகிறது. அதற்குக் குறைந்ததை எடுப்பது ஒருமுறைகூட இனம் பெருக்காத மீனை எடுப்பதாகும். கேரளம் 58 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச அளவு வகுத்திருக்கிறது. குஞ்சையும் விட்டு, மிகப் பெரியதையும் விட்டு, நடுத்தர அளவில் தேவைக்கு ஒன்றிரண்டை எடுப்பது எந்த நாட்டுத் தூண்டில்காரருக்கும் பொருந்தும் நெறி.

விடுவதற்கும் கைப்பழக்கம் வேண்டும்

அந்தமானிலும் திருகோணமலையிலும் பாப்பர் என்னும் மிதக்கும் பொய் இரையை வீசிப் பெரும் பாரை பிடிக்கும் படகுகளில், பிடித்த பாரையை விடுவது இன்று வழக்கமாகிவிட்டது. ஆனால் விட்ட மீன் பிழைத்ததா என்பதுதான் கேள்வி. களைத்துப் போகும் வரை இழுத்து, சூடேறிய தளத்தில் துள்ளவிட்டு, செவுளில் விரல் கொடுத்துத் தூக்கி, ஐந்தாறு படம் எடுத்த பின் கடலில் எறிந்தால் அதற்கு விடுவது என்று பெயரில்லை.

செய்ய வேண்டியவை எளியவை. மூன்று முள் கொக்கியை மாற்றி ஒற்றை முள் போடுங்கள், அதன் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். இரை கோத்துப் போடும்போது வட்ட முள் நல்லது, அது குடலில் இறங்காமல் வாயோரத்தில் மாட்டும். மீனின் எடைக்கேற்ற தூண்டில் நரம்பைப் பயன்படுத்தினால் அதைக் களைப்படைய விடாமல் சீக்கிரம் கொண்டுவரலாம். தொடும் முன் கையை நனையுங்கள், காய்ந்த கையும் துணியும் மீனின் மேல்பூச்சை உரித்துவிடும். வாயைப் பிடித்துத் தொங்கவிடாமல் வயிற்றுக்குக் கீழே கை கொடுத்துக் கிடைமட்டமாகத் தாங்குங்கள். நாம் மூச்சடக்கி நிற்கும் நேரத்துக்கு மேல் அதை வெளியே வைக்கக் கூடாது. நீரோட்டத்துக்கு எதிராக முகத்தை வைத்துப் பிடித்து, அது தானாக வாலடித்துப் போகும் வரை காத்திருங்கள்.

ஆழத்திலிருந்து வரும் கலவாவுக்கு இது போதாது. அழுத்தம் குறைவதால் காற்றுப்பை உப்பி, வயிறு வாய் வழியே பிதுங்கும். அதை ஊசியால் குத்துகிறவர்கள் உண்டு, அது மீனைக் கொல்லக்கூடும். கனமான ஈயம் கட்டிய கயிற்றில் மாட்டி மீண்டும் ஆழத்தில் இறக்கி விடுவதே சரி. அந்த ஏற்பாடு இல்லாதவர்கள், உண்ணத் தேவையானது கிடைத்ததும் ஆழத் தூண்டிலை நிறுத்திக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொள்ளும் மீனையும் வாளியில் துடிக்கவிடாமல் மண்டையில் ஒரே அடியில் முடித்து, இரத்தம் வடித்து, ஐஸில் வையுங்கள். கறியும் கெடாது.

இரு கரைக்கும் பொதுவான கொடுமை ஒன்று, பேத்தையைக் கல்லில் எறிந்து காயவிடுவது. இரையைத் திருடுகிறது, நரம்பைக் கடிக்கிறது, தின்னவும் ஆகாது என்று கோபம். நஞ்சுள்ள மீன் என்பதால் கரையில் கிடக்கும் பேத்தை நாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து. முள்ளைக் கழற்றி உடனே கடலில் விட அரை நிமிடம் ஆகாது. தூண்டில்காரரின் குணத்தை அறிய, அவர் பேத்தையை என்ன செய்கிறார் என்று பார்த்தாலே போதும்.

விளக்கு, நரம்பு, எல்லைக் கோடு

ஜனவரி முதல் மார்ச் வரை சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. 1988 முதல் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இரவிரவாக நடந்து கூடுகளைக் காத்து வருகிறார்கள். 2025 ஜனவரியில் அதே கரையோரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. பெரிய வலைகள் செய்த அழிவு அது. ஆனால் நெற்றி விளக்கைக் கரை நோக்கித் திருப்பி ஆமையைக் கலைப்பதும், அறுந்த நரம்பை மணலில் விட்டுப் போவதும் நம் கணக்கில் சேரும். ஐந்து வகைக் கடலாமைகள் முட்டையிடும் இலங்கையின் தென்கரைக்கும் இதே விதி. சிக்கிய நரம்பைச் சுருட்டிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போவதைத் தூண்டில்காரரின் கட்டாயக் கடமையாக்க வேண்டும்.

பாக் நீரிணையில் இன்னொரு பொறுப்பும் உண்டு. 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த கடல் எல்லையையொட்டிப் பல்லாண்டுத் துயரம் நிற்கிறது. இலங்கை 2017-இல் இழுவைமடி மீன்பிடியைச் சட்டத்தால் தடை செய்தது. தமிழக இழுவைப் படகுகளால் வலை அறுபட்ட வடபகுதித் தொழிலாளிகளும், கைதாகிப் படகை இழந்த ராமேஸ்வரத்துத் தொழிலாளிகளும் ஒரே மொழி பேசும் உழைப்பாளிகள். பெரிய மீன் ஆசையில் விளையாட்டுப் படகு அந்தக் கோட்டருகே போவது எரிகிற பிரச்சினையில் தலையிடுவதாகும்.

ஒன்றுபடும் நெறி

தமிழகம் தடைக்காலத்தையும் பாதுகாக்கப்பட்ட உயிர்களின் பட்டியலையும் எழுத்தில் வைத்திருக்கிறது. ஆனால் தடைக்கால விதி தொழில் மீனவரையே மனத்தில் வைத்து எழுதப்பட்டது, நம்மை எட்டுவதில்லை. இலங்கையின் சங்கமும் பாடும் வெளியாரைக் கேட்டு நடக்கப் பழக்குகின்றன. அங்கே பருவ ஓய்வை வசதி படைத்தவர் தாண்டிவிடுகிறார். ஒருவரின் எழுத்தும் மற்றவரின் வழக்கமும் சேர்ந்தால் நல்ல நெறி ஒன்று உருவாகும். அதற்கு அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தூண்டில் கடைக்காரர்கள் விடவேண்டிய மீன்களின் படத்தையும் அளவையும் கடைச்சுவரில் ஒட்டலாம். போட்டி நடத்தும் சங்கங்கள் எடைக்குப் பரிசு கொடுப்பதை நிறுத்தி, அளந்து படமெடுத்து உயிரோடு விட்ட மீனுக்குக் கொடுக்கலாம். மூத்தவர்கள் இளையவர்களுக்கு வீசக் கற்றுக்கொடுக்கும் அதே நாளில் விடவும் கற்றுக்கொடுக்கலாம். பசிக்காகப் பிடிக்கிறவர்கள் 61 நாட்கள் பொறுத்திருக்கும்போது, விருப்பத்துக்காகப் பிடிக்கும் நம்மால் இவ்வளவும் நிச்சயம் முடியும்.