உலகம் நகர்த்திய காய்

மேக்னஸ் கார்ல்சனின் ராஜா மூலையில் சிக்கியிருந்தது. 2025 மே 19 அன்று எதிரணி மூன்றாவது முறையாக செக் வைத்தது. அது 32ஆவது நகர்வு. அதே நிலை மூன்று முறை வந்துவிட்டதால் ஆட்டம் டிரா. நார்வேயின் ஐந்து முறை உலக சாம்பியனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் 1,43,000க்கும் மேற்பட்ட ரசிகர்கள். செஸ்.காம் தளத்தில் ஏப்ரல் 4 அன்று தொடங்கிய ஆட்டம் இது. ஒரு நகர்வுக்கு 24 மணி நேர அவகாசம். அதற்குள் எந்த நகர்வுக்கு அதிக வாக்கு விழுகிறதோ அதுவே உலக அணியின் நகர்வு. கார்ல்சன் சிரமமில்லாமல் ஜெயிப்பார் என்றுதான் தொடக்கத்தில் அந்தத் தளமே கணித்திருந்தது.

இந்த டிராவை ஒரு வேடிக்கை விளம்பர நிகழ்ச்சியாகக் கடந்துபோனவர்கள் பலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரசிகரை ஆட்டத்துக்குள் இழுக்க இன்று ஒவ்வொரு விளையாட்டும் படாதபாடு படுகிறது. திரையில் ஓடும் கருத்துக்கணிப்பு, நேரலை அரட்டை, கைப்பேசியில் கணிப்புப் போட்டி என்று எத்தனையோ வந்துவிட்டன. இவற்றில் எது உண்மையான பங்கேற்பு, எது விரலுக்கு மட்டும் வேலை கொடுப்பது என்று பிரித்துப் பார்க்க இந்த ஆட்டம் நல்ல உரைகல்.

கார்ல்சன் உலகத்தோடு மோதியது இது முதல் முறையல்ல. 2010 செப்டம்பரில், 19 வயதில், நியூயார்க்கில் ஜி-ஸ்டார் என்ற ஆடை நிறுவனம் நடத்திய நிகழ்ச்சியில் இதேபோல ஆடினார். ஜூடித் போல்கர், நகமுரா, வாஷியே-லக்ராவ் ஆகிய மூன்று கிராண்ட்மாஸ்டர்கள் ஆளுக்கொரு நகர்வைப் பரிந்துரைப்பார்கள். இணையத்தில் இருப்பவர்கள் அவற்றில் ஒன்றுக்கு வாக்களிக்க வேண்டும். ஒரே அமர்வில் ஆட்டம் முடிந்தது. 44 நகர்வுகளில் கார்ல்சன் வென்றார். ஆலோசகர்களின் தரத்தைப் பார்த்தால் 2010 அணி பல மடங்கு பலமானது. ஆனாலும் தோற்றது அந்த அணிதான். ஒரு நகர்வு போல்கருடையது, அடுத்தது நகமுராவுடையது, அதற்கடுத்தது வேறொருவருடையது. மூன்று நல்ல திட்டங்களைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டினால் ஒரு நல்ல திட்டம் கிடைத்துவிடாது. உட்கார்ந்து பேசி ஒரு திட்டத்துக்கு வர வாக்காளர்களுக்கு நேரமே இல்லை.

2025இல் நேரம் இருந்தது. ஒரு நாள் முழுக்க வாதாடலாம், நேற்றைய நகர்வு எதற்காக என்று நினைவில் வைத்து இன்றைய நகர்வைத் தேடலாம். ஆடியது ஃப்ரீஸ்டைல் செஸ். பின்வரிசைக் காய்களைக் குலுக்கி வைப்பதால் மனப்பாடத் தொடக்கங்களுக்கு வேலையில்லை, முதல் நகர்வு முதலே யோசித்தாக வேண்டும். உலக அணி தொடக்கம் முதலே உறுதியாக ஆடியது, துணிச்சலான வழிகளைத்தான் அதிகம் நாடவில்லை என்று ஆட்டம் முடிந்ததும் கார்ல்சன் சொன்னார். சரியான கணிப்பு. பெரும்பான்மை வாக்கு அதிரடியை வடிகட்டிவிடும். குதிரையைப் பலி கொடுத்துப் பாயலாம் என்று ஆயிரம் பேர் துடித்தாலும், ராஜாவைப் பத்திரப்படுத்தலாம் என்று பத்தாயிரம் பேர் சொல்வார்கள். கடைசியில் தொடர்ந்து செக் வைத்து டிராவை வாங்கியதும் அதே மனநிலைதான். இன்னும் ஆடிப் பார்த்திருக்கலாமே என்று எனக்கும் தோன்றியது. ஆனால் எதிரே இருப்பது கார்ல்சன் என்பதை மறக்காத கூட்டம் புத்திசாலிக் கூட்டம்.

இதற்கு எதிரான உதாரணத்தையும் சொல்லியாக வேண்டும். 2024இல் அதே தளத்தில் நம் விஸ்வநாதன் ஆனந்துக்கு எதிராக ஏறத்தாழ 70,000 பேர் ஆடினார்கள். ஆனந்த் வென்றார். ஆகவே கூட்டம் கூடினாலே பலம் வந்துவிடும் என்று சொல்வதற்கில்லை.

இந்த வகை ஆட்டங்களில் மிகவும் பேசப்பட்டது, 1999இல் அன்றைய உலக சாம்பியன் காஸ்பரோவ் உலகத்தோடு ஆடியது. மைக்ரோசாஃப்ட் நடத்தியது, ஜூன் முதல் அக்டோபர் வரை நான்கு மாதம் நீடித்தது, 75க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 50,000க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். 15 வயது இரினா க்ருஷ் ஆலோசகர்களில் ஒருவர். 10ஆவது நகர்வில் அவர் பரிந்துரைத்த புதுமையான ராணி நகர்வுதான் ஆட்டத்தைச் சாதாரணப் பாதையிலிருந்து திருப்பியது. விவாதத்தில் இறங்கிய ரசிகர்களோடு சேர்ந்து அலசி, மரம்போலக் கிளைக்கும் சாத்தியங்களை அவர் தொகுத்துக்கொண்டே வந்தார். 58ஆவது நகர்வில் அவருடைய பரிந்துரை உரிய நேரத்தில் தளத்தில் ஏறவில்லை. அது இல்லாமலே நடந்த வாக்கெடுப்பில் வேறொரு ராணி நகர்வு ஜெயித்தது, 62 நகர்வுகளில் உலகம் தோற்றது. க்ருஷின் நகர்வு காப்பாற்றியிருக்குமா என்பது வேறு கேள்வி. ஒரே ஒரு நாள் பேச்சு அறுந்ததும் அணி அணியாக இல்லாமல் போனதுதான் கவனிக்க வேண்டியது.

இப்படிப் பங்கேற்கப் பொறுமையும் வேண்டும். பொறுமையாகப் பார்க்க நார்வே ரசிகருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2009இல் பெர்கனிலிருந்து ஓஸ்லோ வரையான ரயில் பயணத்தை ஏழு மணி நேரத்துக்கும் மேலாக அப்படியே காட்டிய நாடு அது. 2011இல் ஹூர்டிகுரூட்டன் கப்பல் பெர்கனிலிருந்து கிர்கெனஸ் வரை போன 134 மணி நேரத்தையும் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.ஆர்.கே நேரலையில் காட்டியது. கப்பல் வரும் நேரம் பார்த்து மக்கள் கரைக்கு ஓடினார்கள், கொடி அசைத்தார்கள், பதாகை பிடித்தார்கள். பொத்தானோ செயலியோ இல்லாமல் பார்வையாளர்களே நிகழ்ச்சிக்குள் நுழைந்துவிட்டார்கள்.

அந்தப் பழக்கத்தின் மேல்தான் 2013 நவம்பரில் சென்னையில் நடந்த உலக சாம்பியன் பட்டப் போட்டி வந்து இறங்கியது. ஹயாத் ரீஜென்சி ஹோட்டலில் ஆனந்தும் கார்ல்சனும் மோதினார்கள். இங்கே பிற்பகல் 3 மணி என்றால் ஓஸ்லோவில் காலை 10:30, அலுவலக நேரம். என்.ஆர்.கே மணிக்கணக்கில் நேரலை காட்டியது. பத்து ஆட்டங்களில் 6.5–3.5 என்று கார்ல்சன் பட்டத்தைப் பிடித்ததில் நம் ஊருக்கு வருத்தம்தான். ஆனால் செஸ் பற்றி அதிகம் தெரியாதவர்களையும் ஐந்து மணி நேரம் உட்கார வைப்பது எப்படி என்பதை அந்த ஒளிபரப்பு காட்டியது. என்.ஆர்.கே செஸ் ஒளிபரப்பில் பழக்கமான முகங்கள் தொகுப்பாளர் ஓலே ரோல்ஃப்ஸ்ருடும் விளக்கம் சொல்லும் டோர்ஸ்டைன் பேயும். வீட்டில் இருப்பவருக்கு என்ன சந்தேகம் வருமோ அதை ஒருவர் கேட்பார், காய்களை நகர்த்திக் காட்டி மற்றவர் பதில் சொல்வார். பார்ப்பவரும் அடுத்த நகர்வை ஊகித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். திரைக்கு இந்தப் பக்கம் நடக்கும் அந்த ஊகத்தைத்தான் நான் பங்கேற்பு என்கிறேன்.

அதைக் கெடுத்தது திரையின் ஓரத்தில் நிற்கும் மதிப்பீட்டுப் பட்டை. கணினி நொடிக்கு நொடி கணக்குப் போட்டு வெள்ளை மேலா கறுப்பு மேலா என்று ஏற்றி இறக்கும். குழந்தைக்கும் புரியும், அதை மறுக்கவில்லை. ஆனால் பட்டையைப் பார்க்கப் பழகிய கண் பலகையைப் பார்ப்பதில்லை. 2025 ஜூன் 1 அன்று ஸ்டவாங்கரில் நடந்த நார்வே செஸ் போட்டியில் இந்திய வீரர் குகேஷுக்கு எதிராக கார்ல்சன் நெடுநேரம் முன்னிலையில் இருந்தார். பட்டையை நம்பியவர்கள் குகேஷ் தோற்றுவிட்டதாகவே முடிவுகட்டியிருப்பார்கள். ஆனால் அடுத்த நகர்வுக்கு நொடிகள்தான் பாக்கி என்ற நிலையில் மனிதக் கையால் எதைச் செய்ய முடியும் என்பது பட்டைக்குத் தெரியாது. குகேஷ் விடாமல் சிக்கலை நீட்டினார், கார்ல்சன் தவறினார், மேசையைக் குத்தினார். கார்ல்சனுக்கு எதிராகக் கிளாசிக்கல் ஆட்டத்தில் குகேஷின் முதல் வெற்றி அது. உலகம் முழுக்கப் பரவியது மேசை அதிர்ந்த சில நொடிக் காட்சிதான். அந்த இளைஞர் மணிக்கணக்கில் தற்காத்த விதத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? எனக்கு அது இன்னமும் ஆறாத வருத்தம்.

அதே போட்டியில் நல்ல ஏற்பாடு ஒன்றும் உண்டு. ஆட்டத்தின் நடுவே வீரர் எழுந்து ஒப்புதல் அறைக்குள் போய் கேமராவிடம் மனம்விட்டுப் பேசலாம். எதிராளிக்குக் கேட்காது. என்ன பயப்படுகிறேன், எதைக் கவனிக்காமல் விட்டேன் என்று அவர் சொல்வது நமக்கு மட்டும் தெரியும். பட்டை விடையைச் சொல்லிவிடுகிறது. இந்த அறை கேள்வியை நம் கையில் கொடுக்கிறது.

பட்டையை ஏற்றி இறக்கும் இன்ஜின், அதாவது நகர்வுகளைக் கணக்கிடும் கணினி நிரல், பார்வையாளரிடமும் இருப்பதால் அவர் வீரருக்குக் குறிப்புக் கொடுத்து ஆட்டத்துக்கே ஆபத்து வரலாம் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. 2022 செப்டம்பரில் செயின்ட் லூயிஸில் சின்க்ஃபீல்ட் கோப்பையிலிருந்து கார்ல்சன் பாதியில் விலகி, மோசடிச் சந்தேகம் கிளம்பியதும் நேரலையை 15 நிமிடம் தாமதமாக்கினார்கள்.

பங்கேற்பு என்று வந்தால் எண்ணிக்கையைக் காட்டினால் மட்டும் போதாது என்பதை கார்ல்சனே ஒருமுறை அனுபவித்தார். 2019இல் கிண்ட்ரெட் என்ற சூதாட்ட நிறுவனம் நார்வே செஸ் கூட்டமைப்புக்கு ஐந்தாண்டுகளில் 5 கோடி குரோனர் தர முன்வந்தது. கார்ல்சன் அதை ஆதரித்தார். ஆஃபர்ஸ்பில் என்று ஒரு கிளப்பைத் தொடங்கி, முதல் ஆயிரம் உறுப்பினர்களின் கட்டணத்தைத் தானே கட்டுவதாக அறிவித்தார். இடங்கள் மளமளவென்று நிரம்பின. உறுப்பினர் எண்ணிக்கைக்கு ஏற்ப கூட்டமைப்பின் பேரவையில் கிளப்புக்கு வாக்கு என்பதுதான் கணக்கு. ஆனால் ஜூலையில் கூடிய பேரவை அந்த ஒப்பந்தத்தைப் பெரும் வித்தியாசத்தில் நிராகரித்தது. ஆண்டுக்கணக்கில் கிளப்புகளில் உட்கார்ந்து பேசிப் பழகியவர்களை ஒரு கிளிக்கில் சேர்ந்தவர்களால் அசைக்க முடியவில்லை. கார்ல்சன்மீது எனக்கு அளவற்ற மரியாதை. ஆனாலும் அன்று பேரவை எடுத்த முடிவே சரி.

நார்வே செஸ் போட்டி 2026இல் ஸ்டவாங்கரை விட்டு ஓஸ்லோவுக்கு மாறும் என்று அமைப்பாளர்கள் அறிவித்தார்கள். இடம், ஓபரா மாளிகைக்குப் பக்கத்தில் 2020இல் திறந்த டைக்மன் பியோர்விகா பொது நூலகம். யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து உட்காரக்கூடிய கட்டடம். ஓஸ்லோவிலோ அடுத்து சென்னையிலோ ஒளிபரப்பு நடத்துபவர்களிடம் ஒன்று கேட்கிறேன். தினமும் ஒரு ஆட்டத்தில், சிக்கலான ஒரு நிலையில், பட்டையை அணைத்துவிடுங்கள். வீரர் யோசிக்கும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடமும் பலகையை மட்டும் காட்டுங்கள். அரங்கில் இருப்பவர்களையும் வீட்டில் இருப்பவர்களையும் பேச விடுங்கள். நகர்வைச் சொன்னால் மட்டும் போதாது, காரணத்தையும் சொல்ல வேண்டும் என்று விதி வையுங்கள். வீரர் காயை நகர்த்திய பிறகு இன்ஜினைத் திறந்து, ரசிகர்கள் சொன்னது, வீரர் ஆடியது, இன்ஜின் சொல்வது ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுக் காட்டுங்கள். இதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம், பட்டையை அணைக்கும் ஒரு பொத்தான் போதும்.