குத்தகை அணியின் கடைசிக் கோடை

2017 பிப்ரவரி கடைசி வாரத்தில், புனேயின் கஹுஞ்சே மைதானத்தில் ஆஸ்திரேலியக் கேப்டன் ஸ்டீவ் ஸ்மித்தை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வீடு திரும்பியவர்களில் நானும் ஒருவன். புழுதி பறந்த அந்த ஆடுகளத்தில் இந்தியா 105, 107 என்று இரண்டு முறை சுருண்டது. ஓ'கீஃப் என்று ஒரு இடக்கைச் சுழலர், அதுவரை பேரைக்கூட யாரும் சரியாக உச்சரித்ததில்லை, 12 விக்கெட்டை அள்ளிக்கொண்டு போனார். நம்மவர்கள் நிற்கவே முடியாத அதே தரையில் ஸ்மித் 109 அடித்தார். மூன்றே நாளில் டெஸ்ட் முடிந்தது, 333 ரன் வித்தியாசத்தில் தோல்வி. ஐசிசியும் ஆடுகளத்துக்கு 'மோசம்' என்று முத்திரை குத்தியது. போதாததற்கு அடுத்த டெஸ்டில், பெங்களூரில், டிஆர்எஸ் கேட்கலாமா என்று டிரஸ்ஸிங் ரூமை எட்டிப் பார்த்து மாட்டிக்கொண்டார் ஸ்மித். நாடே அவரை வறுத்தெடுத்தது.

ஒரு மண்டலம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 6, அதே கஹுஞ்சே, அதே ஸ்மித். இப்போது அவர் எங்கள் புனே ஐபிஎல் அணியின் கேப்டன். மும்பை வைத்த 185ஐத் துரத்தி, கடைசி ஓவரில் பொல்லார்டை அடுத்தடுத்து இரண்டு சிக்ஸர் தூக்கி ஆட்டத்தை முடித்தார். 54 பந்தில் 84 நாட் அவுட். பக்கத்து சீட்டில் ஒரு மராட்டியக் காகா தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். "காகா, போன மாசம் இவரைத்தானே திட்டினோம்?" என்றேன். "அது தேசம்டா, இது ஊரு" என்றார்.

ஊர் என்று அவர் சொன்னதில்தான் சிக்கல். அந்த அணி எங்கள் ஊருக்கு இரண்டு வருஷக் குத்தகைக்கு வந்தது. சென்னையையும் ராஜஸ்தானையும் இரண்டு ஆண்டு தள்ளி வைத்ததால் காலியான இடத்துக்கு 2015 டிசம்பரில் ஏலம் வைத்தார்கள், தலைகீழ் ஏலம். வாரியம் தரும் பங்கில் யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்கு அணி. கொல்கத்தாவின் சஞ்சீவ் கோயங்கா பங்கே வேண்டாம், வருஷத்துக்கு 16 கோடி நானே தருகிறேன் என்று புனேயை எடுத்தார். அதற்கு முன் சஹாராவின் புனே வாரியர்ஸ் 2011 முதல் 2013 வரை மூன்று சீசன் ஆடி, மூன்றிலும் பட்டியலின் அடிவாரத்தில் கிடந்து, கடையையும் மூடியிருந்தது. ஆக, ரசிகனாக இருப்பதற்கு இந்த ஊரில் பழக்கமும் கிடையாது, பாத்தியதையும் கிடையாது.

கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையை ஒட்டி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மட்டும் இது வேறு கணக்கு. தோனி, அஸ்வின், டு பிளெஸ்ஸி, கோச்சாக ஃபிளெமிங். மஞ்சள் ஜெர்சியை ஊதாவில் முக்கி எடுத்ததுபோல ஓர் அணி. சென்னை தள்ளிவைக்கப்பட்ட சோகத்தை நாங்கள் சென்னைக்காரர்களைவிடச் சுலபமாகக் கடந்தோம். அஞ்ஞாதவாசத்துக்கு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்களே!

முதல் வருஷம் அந்தச் சந்தோஷத்தைத் தண்ணீர் கெடுத்தது. மகாராஷ்டிராவில் கடும் வறட்சி. மைதானத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதா என்று வழக்கு போய், ஏப்ரல் முடிந்ததும் ஐபிஎல்லை மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோகச் சொன்னது பம்பாய் உயர் நீதிமன்றம். சரியான தீர்ப்புதான். ஆனால் எங்கள் 'சொந்த மைதானம்' விசாகப்பட்டினம் ஆகிவிட்டது. அங்கே ஆடம் ஸாம்பா ஹைதராபாத்துக்கு எதிராக 19 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். அந்த ஆட்டத்திலும் தோற்றோம், நான்கு ரன்னில். பீட்டர்சன், டு பிளெஸ்ஸி, ஸ்மித், மிட்செல் மார்ஷ் என்று வரிசையாகக் காயத்தில் கழன்றார்கள். 14 ஆட்டத்தில் 5 வெற்றி, ஏழாவது இடம். கடைசி ஆட்டத்தின் கடைசி ஓவரில் அக்ஸர் படேலை 23 ரன் வெளுத்து தோனி ஜெயிக்க வைத்ததுதான் மிச்சம்.

இரண்டாம் வருஷம் தொடங்கும் முன்பே கலகம். பிப்ரவரி 19 அன்று தோனியைக் கேப்டன் பதவியிலிருந்து இறக்கினார்கள். மறுநாள் ஏலத்தில் பென் ஸ்டோக்ஸுக்கு 14.5 கோடி, அதுவரை எந்த வெளிநாட்டு வீரருக்கும் அவ்வளவு போனதில்லை. அணியின் பெயரையும் விடவில்லை. 'சூப்பர்ஜயன்ட்ஸ்' என்பதில் கடைசி 'ஸ்'ஸைக் கழற்றி 'சூப்பர்ஜயன்ட்' ஆக்கினார்கள். எண்கணிதமா, இலக்கணமா என்று கட்கி டீக்கடையில் ஒரு வாரம் விவாதம் நடந்தது. முதல் வெற்றிக்குப் பிறகு உரிமையாளரின் அண்ணன், காட்டுக்கு ராஜா யார் என்று ஸ்மித் காட்டிவிட்டார் என்ற தோரணையில் தோனியைச் சீண்டி ஒரு ட்வீட் போட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டு அழித்தார். குத்தகைக்காரர் வீட்டில் வாடகைக்காரர்களான நமக்கு இதில் என்ன வேலை என்று வேடிக்கை பார்த்தோம்.

முதல் வெற்றிக்குப் பின் வரிசையாக மூன்று தோல்வி. டெல்லியிடம் சொந்த ஊரிலேயே 97 ரன்னில் அடி. சஞ்சு சாம்சன் சதம் போட்டார். அவர் ஒருவர் அடித்த 102ஐவிட எங்கள் பதினொரு பேரும் சேர்ந்து ஆறு ரன்தான் அதிகம் எடுத்தோம். அதற்குப் பின் ஆடிய பத்து லீக் ஆட்டங்களில் எட்டு வெற்றி. அந்தத் திருப்பத்தை ஏலத்தில் கோடி கோடியாகக் கொட்டிய பணத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது என்பதுதான் இத்தனை காலம் கழித்தும் என் வாதம்.

கோடிகள் சும்மா இருந்தன என்று சொல்லவில்லை. குஜராத்துக்கு எதிராக 10 ரன்னுக்கு 3 விக்கெட் போய் நின்றபோது வந்து, காலில் தசைப்பிடிப்போடு நொண்டிக்கொண்டே 63 பந்தில் 103 அடித்தார் ஸ்டோக்ஸ். தொடரின் மதிப்புமிக்க வீரர் விருதும் அவருக்குத்தான். ஹைதராபாத்துக்கு எதிராக 34 பந்தில் 61 அடித்து, கடைசிப் பந்தை பவுண்டரிக்கு அனுப்பி முடித்தார் தோனி. அன்றைக்கு ட்வீட் ஒன்றும் வரவில்லை. ஆனால் இந்த இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில் வண்டியை ஓட்டியவர்கள் யார்?

ராகுல் திரிபாதி, 10 லட்சம். மகாராஷ்டிரா ரஞ்சி அணிக்கு வெளியே அவரை யாருக்கும் தெரியாது. தொடக்கத்தில் இறக்கிவிட்டதும் பவர்பிளேயைப் பிடித்துக்கொண்டார்: 14 ஆட்டத்தில் 391 ரன். ஈடன் கார்டனில் 156 துரத்தும்போது அவர் 52 பந்தில் 93. மற்ற ஒருவர்கூட இருபதைத் தொடவில்லை. ஜெய்தேவ் உனத்கட், அடிப்படை விலை 30 லட்சம். 12 ஆட்டத்தில் 24 விக்கெட். புவனேஸ்வர் குமாருக்கு அடுத்த இடம். இம்ரான் தாஹிரை ஏலத்தில் ஒருவரும் எடுக்கவில்லை. மார்ஷின் தோள் காயத்தால் வந்து 18 விக்கெட்.

உனத்கட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். வேகம் பெரிதாகக் கிடையாது. ஓடிவரும் வேகமும் கைச்சுழற்சியும் ஒரே மாதிரி இருக்கும். பந்து மட்டும் தாமதமாக வந்து சேரும். மட்டை முன்கூட்டியே போய்விடும், பந்து வானத்தில் ஏறும். மே 6, ஹைதராபாத்தில் கடைசி ஓவருக்கு 13 ரன் வேண்டும். டி20யில் பந்து வீசுகிறவன்தான் நடுங்க வேண்டிய கணக்கு. உனத்கட் அந்த ஓவரில் ஒரு ரன்கூடத் தரவில்லை. பிபுல் சர்மா, ரஷித் கான், புவனேஸ்வர் என்று ஹாட்ரிக் வேறு. இருபதாவது ஓவர் மெய்டன்! 30 ரன்னுக்கு 5 விக்கெட். அந்த ஓவரை நான் இன்னமும் போட்டுப் பார்ப்பதுண்டு, மாசத்துக்கு ஒரு தடவையாவது.

அப்புறம் நம்ம வாஷிங்டன். அஸ்வினுக்கு ஹெர்னியா தொல்லை என்று சீசனே போனது. அவருக்குப் பதிலாக வந்தது சென்னையிலிருந்து 17 வயசுப் பையன். அவனுக்குப் பவர்பிளேயில் பந்து கொடுத்த ஸ்மித்தை அந்த ஒன்றுக்காகவே பிப்ரவரிக் குற்றங்களிலிருந்து விடுதலை செய்யலாம். மே 16, வான்கடே, முதல் தகுதிச் சுற்று: 162 எடுத்தோம், அதில் தோனி 26 பந்தில் 40, ஐந்து சிக்ஸர். பிறகு வாஷிங்டன் சுந்தர் ரோஹித், ராயுடு, பொல்லார்ட் மூவரையும் 16 ரன் கொடுத்துத் தூக்கினான். மும்பைக் கூட்டம் வாயடைத்துப் போனது. 20 ரன்னில் வெற்றி. கட்கியில் அன்று ராத்திரி வெடி வெடித்தது. நான் தொழிற்சாலையைச் சொல்லவில்லை.

ஆக மும்பையை அந்த சீசனில் மூன்று முறை ஆடி மூன்று முறையும் வென்று, நான்காவது முறை, இறுதி ஆட்டத்தில், ஆட ஹைதராபாத்தின் உப்பலுக்குப் போனோம். ஸ்டோக்ஸும் தாஹிரும் தங்கள் நாட்டு அணிக்கு ஆடப் பறந்துவிட்டார்கள். மே 21 முதல் பாதியில் அந்தக் குறையே தெரியவில்லை. உனத்கட் ஒரே ஓவரில் பார்த்திவையும் சிம்மன்ஸையும் முடித்தார். ஸ்மித் நேரடியாக ஸ்டம்பைத் தகர்த்து ராயுடுவை ரன் அவுட் ஆக்கினார். ஸாம்பா ஒரே ஓவரில் ரோஹித், பொல்லார்ட். 79 ரன்னுக்கு 7 விக்கெட். அங்கிருந்து குருணால் பாண்டியா 47 அடித்து 129க்கு இழுத்துப் போனார். நூற்றுப் பத்தில் சுருட்டியிருக்க வேண்டிய அணியை விட்டது முதல் தவறு.

இரண்டாவது தவறைத்தான் யாரும் பேசுவதில்லை. எல்லோருக்கும் கடைசி ஓவர்தான் ஞாபகம். ஸ்கோர் கார்டை எடுத்துக் கூட்டிப் பாருங்கள்: ரஹானே 38 பந்தில் 44, ஸ்மித் 50 பந்தில் 51, தோனி 13 பந்தில் 10. மூன்று பெரியவர்கள் சேர்ந்து 101 பந்தில் 105. இருப்பதே 120 பந்து. மனோஜ் திவாரிக்கு எட்டுப் பந்து கிடைத்தது. ஓங்கி அடிக்கவே அணியில் இருந்த டேன் கிறிஸ்டியனுக்கு இரண்டே இரண்டு.

அமெரிக்கர்களின் பேஸ்பாலில் ஒரு அணிக்கு ஒன்பது இன்னிங்ஸுக்கும் சேர்த்து 27 அவுட். பந்துக்குக் கணக்கே கிடையாது. அவுட் ஆகாதவரை அடித்துக்கொண்டே இருக்கலாம். அங்கே அவுட்தான் காசு. டி20யில் காசு பந்து. 120 பந்துக்குப் பத்து விக்கெட் என்றால் பன்னிரண்டு பந்துக்கு ஒன்றைத் தாராளமாகச் செலவழிக்கலாம். அன்று உப்பலில் எங்கள் அணி பேஸ்பால் கணக்கில் ஆடியது: விக்கெட்டைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு பந்தை வாரி இறைத்தது. ஆடுகளம் மந்தம், ஒத்துக்கொள்கிறேன். பும்ரா, மலிங்கா, ஜான்சன் மூவரும் முழி பிதுங்க வைத்தார்கள், அதுவும் நிஜம். ஆனாலும் ஸ்டோக்ஸ் பின்னால் இருக்கிறார் என்ற தைரியத்தில் ஆடியவர்கள் அவர் இல்லாத அன்றைக்கு, அவர் இடத்தையும் சேர்த்துக் காவல் காத்தார்கள். எட்டு வெற்றியைத் தந்தது காவல் அல்ல. திரிபாதி மூன்று ரன்னில் போனதோடு அந்த சீசனின் சுபாவமும் பெவிலியன் திரும்பிவிட்டது.

கடைசி ஓவருக்கு 11. ஜான்சன் வீசுகிறார். கட்கியில் நண்பர் வீட்டு முன்னறை, பன்னிரண்டு பேர், மின்விசிறி ஒன்று. முதல் பந்தில் திவாரி பவுண்டரி. நண்பரின் அம்மா அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றார். இரண்டாவது பந்து, லாங் ஆனில் பொல்லார்ட் கையில். மூன்றாவது, ஸ்மித் ஆஃப் பக்கம் ஓங்கி அடித்தது எல்லைக்கோட்டருகே ராயுடு கையில். அத்தை கரண்டியோடு உள்ளே போனார். நான்காவது பந்து வாஷிங்டன் மட்டையில் படவில்லை, 'பை'யாக ஒரு ரன். ஐந்தாவதை கிறிஸ்டியன் தூக்கினார், ஹர்திக் கோட்டைவிட்டார், இரண்டு. "அத்தை, வாங்க வாங்க!" கடைசிப் பந்துக்கு நாலு. கிறிஸ்டியன் லெக் பக்கம் அடித்தார். ஆழத்தில் நின்றவர் கையில் பந்து தடுமாறியது. இரண்டு ஓடி மூன்றாவதுக்குத் திரும்பினார்கள். மூன்று வந்திருந்தால் சூப்பர் ஓவர். ரன் அவுட். மும்பை 129, புனே 128.

ஏழெட்டு நிமிஷம் ஒருவரும் டிவியை அணைக்கவில்லை. ரோஹித் கோப்பை வாங்கும் வரைகூடப் பார்த்தோம்.

குத்தகை அதோடு முடிந்தது. அடுத்த ஏலத்தில் 30 லட்ச உனத்கட்டுக்கு 11.5 கோடி கொடுத்தது ராஜஸ்தான். வாஷிங்டன் பெங்களூருக்குப் போனார். தோனி, டு பிளெஸ்ஸி, ஃபிளெமிங், தாஹிர், ஷர்துல் தாக்கூர், தீபக் சாஹர் என்று ஆறு பேர் மஞ்சளுக்கு. 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டத்தால் சேப்பாக்கம் மூடி, சென்னையின் சொந்த ஆட்டங்கள் கஹுஞ்சேவுக்கே வந்தபோது நான் பழைய சீட்டுப் பக்கமாகத்தான் உட்கார்ந்தேன். சென்னையிலிருந்து ஒரு ரயில் நிறைய ரசிகர்கள் வந்திறங்கி விசிலால் மைதானத்தைக் கிழித்தார்கள். வாட்சன் 106. காகாவும் வந்திருந்தார், மஞ்சள் டி-ஷர்ட்டில். "இது தேசமா, ஊரா?" என்று கேட்டேன். விசில் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை.

2021இல் கோயங்கா 7,090 கோடிக்குப் புது அணி வாங்கினார், லக்னோவில். பெயர் லக்னோ சூப்பர் ஜயன்ட்ஸ். எங்களிடம் இருந்தபோது கழற்றி வைத்த 'ஸ்'ஸை அங்கே கொண்டுபோய் ஒட்டிவிட்டார்கள்.