மூட்டில் போட்ட ஊசி எங்கே போகிறது?

கோவைப் பக்கம் ‘மூட்டு ஊசி’ என்றால் விளக்கம் தேவையில்லை. சோமனூரில் தறிக்கு முன் நின்றே முழங்கால் தேய்ந்தவரும், தோட்டத்தில் களையெடுத்துச் சலித்தவரும், “ஊசி போட்டா கொஞ்ச மாசத்துக்குத் தொந்தரவில்லைங்க” என்பார்கள். ஊசிக்குள் இருப்பது பெரும்பாலும் டிரையாம்சினலோன் அல்லது மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு. மூட்டுக்குள்தான் செலுத்துகிறார்கள். ஆனாலும் சர்க்கரை நோயாளிக்கு அடுத்த சில நாள் ரத்தச் சர்க்கரை ஏறிவிடுகிறது. மருந்து மூட்டோடு நிற்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இந்தக் கசிவை அடைக்க ஒரு வழி, ஸ்டீராய்டை லிப்போசோமுக்குள் வைத்துச் செலுத்துவது. லிப்போசோம் என்பது கொழுப்புப் படலத்தால் ஆன நுண்குமிழி. தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான் இருக்கும். 1960களில் இங்கிலாந்தின் பாப்ரகாமில் அலெக் பாங்காம் இதைக் கண்டறிந்தார்.

பெயர் புதிதாகத் தோன்றினாலும், கோவைக்கு இந்தக் குமிழி அறிமுகமானதுதான். 2021 மே இறுதியில் தினசரித் தொற்றில் சென்னையையே கோவை முந்திய நாட்கள் அவை. கூடவே கருப்புப் பூஞ்சை வந்தது. உயிர்வளி தேவைப்படும் கொரோனா நோயாளிக்கு நாளுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காக்கும் என்று 2020-இல் பிரிட்டனின் ‘ரெகவரி’ ஆய்வு காட்டியிருந்தது. அளவு மீறியும் தேவையில்லாதவருக்கும் அதே வகை மருந்து போனபோது, கட்டுப்பாடற்ற சர்க்கரையோடு சேர்ந்து அது பூஞ்சைக்குக் கதவைத் திறந்துவிட்டது. அந்தப் பூஞ்சைக்கு மருந்தாக ஊரெல்லாம் தேடிய குப்பி, லிப்போசோம் ஆம்போடெரிசின். கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற கணக்கில் 60 கிலோ நோயாளிக்கு நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குப்பிகள் ஆறு, அதுவும் வாரக்கணக்கில். பழைய ஆம்போடெரிசினும் பூஞ்சையைக் கொல்லும், ஆனால் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். மருந்து அதேதான். குமிழிக்குள் அடைத்ததும் சிறுநீரகத்துக்கு நேரும் சேதம் குறைந்தது.

அப்படியானால் ஸ்டீராய்டையும் அடைத்துவிடலாமே? முயன்றவர்கள் முதலில் முட்டிக்கொண்டது ஓர் எளிய இடத்தில். கார்ட்டிசோல் என்ற ஸ்டீராய்டு கொழுப்புப் படலத்துக்குள் நிற்காமல் கசிந்து வெளியேறியது. 1970களில் கேம்பிரிட்ஜில் டிங்கிள் குழுவினர் அதற்குப் பால்மிடேட் என்ற கொழுப்பு வாலை ஒட்டி, படலத்தில் பிடித்து நிறுத்தினார்கள். முயலின் வீங்கிய மூட்டில் அது பலித்தது என்று 1978-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள்.

மூட்டைப் பொறுத்தவரை இந்த வெற்றியை நான் அரைகுறையாகத்தான் மதிக்கிறேன். டிரையாம்சினலோன் தண்ணீரில் எளிதில் கரையாது. அதன் துகள்களே மூட்டுக்குள் தங்கி மெல்ல மெல்லக் கரைகின்றன. மலிவான ஆம்பியூல் ஏற்கெனவே செய்யும் வேலைக்கு விலை கூடிய குமிழி எதற்கு? அதைவிடச் சங்கடமான கேள்வி, நெடுநாள் தங்குவது நல்லதுதானா என்பது. முழங்கால் தேய்மானமுள்ள 140 பேரை வைத்து 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 12 வாரத்துக்கு ஒருமுறை 40 மில்லிகிராம் டிரையாம்சினலோன் இரண்டு ஆண்டுகள் போட்டார்கள். உப்புநீர் போட்டவர்களைவிட இவர்களுக்குக் குருத்தெலும்பு அதிகம் தேய்ந்தது, வலியிலோ வித்தியாசமில்லை. மருந்தை மூட்டிலேயே பிடித்துவைப்பதைப் பெருமையாகச் சொல்லும்போது, பக்கத்தில் இருக்கும் குருத்தெலும்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நரம்பில் செலுத்தும்போது கதை வேறு. வீங்கிய திசுவின் ரத்தக்குழாய்ச் சுவர் நெகிழ்ந்து கசிகிறது. சுமார் 100 நானோமீட்டர்க் குமிழி அதன் வழியே நுழைகிறது. அங்கிருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்கள் அதை விழுங்குகின்றன. வீக்கத்தை மூட்டி வளர்ப்பவையும் அதே செல்கள்தான் என்பதால், ஸ்டீராய்டு சேர வேண்டிய இடத்துக்கே சேர்கிறது. 2003-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் எலிகளுக்கு இப்படி ஒருமுறை பிரெட்னிசலோன் செலுத்தி, மூட்டுவாத வீக்கத்தை வடியவைத்தார்கள். இந்த வழியின் உண்மையான பலம் இங்கேதான். ஆனால் குமிழிக்கு நோய் எது என்று தெரியாது. விழுங்கு செல் எங்கே இருக்கிறதோ அங்கே போகிறது. கல்லீரலிலும் மண்ணீரலிலும் அவை நிறைந்திருப்பதால், பெரும்பங்கு அங்கே போய்விடுகிறது. பாலிஎத்திலீன் கிளைக்கால் போர்வை போர்த்தினால் இந்தப் பிடியிலிருந்து சற்றுத் தப்பி நெடுநேரம் சுற்றும், அவ்வளவே.

2015-இல் வெளியான மனித ஆய்வு ஒன்று என்னை யோசிக்க வைத்தது. ரத்தக்குழாய் அடைப்புள்ளவர்களுக்குச் செலுத்திய லிப்போசோம் பிரெட்னிசலோன், அடைப்பிலிருந்த விழுங்கு செல்களில் போய்ச் சேர்ந்தது. சாதாரணமாகச் சில மணி நேரமே நிலைக்கும் மருந்தின் அரைவாழ்வு ஏறத்தாழ 63 மணி நேரமாக நீண்டது. வீக்கமோ குறையவில்லை. மருந்து எங்கே போகிறது என்பதை மாற்றிக் காட்டுவதும் நோயைக் குணமாக்குவதும் ஒன்றல்ல. முதலாவதை அழகான படங்களோடு காட்டிவிட்டு இரண்டாவதைச் சொல்லாமல் நழுவும் கட்டுரைகள் இத்துறையில் அதிகம்.

நம்மால் செய்ய முடியாத தொழில்நுட்பம் என்று ஒதுக்கவும் முடியாது. வேலூர் சி.எம்.சி.யில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த பி.கே. பச்சாவத், பிறகு டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி, மும்பை மருத்துவர்களோடு சேர்ந்து லிப்போசோம் ஆம்போடெரிசினை இந்தியாவிலேயே உருவாக்க உழைத்தார். குமிழிக்குள் போக ஆம்போடெரிசினுக்கு வலுவான காரணம் இருந்தது: அது கெடுத்த சிறுநீரகம். நரம்பு வழி ஸ்டீராய்டுக்கு, மூட்டுவாதத்தில் அப்படி ஒரு காரணம் அமையலாம். தேய்ந்த முழங்காலோடு வரும் சோமனூர்க்காரருக்கு இப்போதைக்குப் பழைய ஆம்பியூலே போதும். ஊசி போட்ட தேதியையும் அளவையும் அவர் நோட்டில் எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினால் சரி.