வாட்சா: விசாரிப்பது முகத்தை

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் 'ஹவ் டூ யூ டூ'வை இன்னும் விடாமல் உருப்போட வைக்கிறார்கள். லண்டன்காரர்களின் 'வாட்சா'வை எடுத்தால் மட்டும் 'அது லோக்கல் சார்' என்று சுளிப்பு. அந்தச் சுளிப்பைப் பார்த்து அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடலாம். வாட்சா என்றால் வணக்கம்தான், பழகியவர்களுக்குள். 'வாட் சியர்' என்ற பழைய நலம் விசாரிப்பு வாயில் தேய்ந்து இப்படி ஆனது. பதிலுக்கு நீங்களும் 'வாட்சா' என்றால் போதும். ஹாரி பாட்டரில் டாங்ஸ் இப்படிச் சொல்வதால் இது மந்திரவாதிகள் பாஷை என்று நம்புகிறவர்களை விட்டுவிடுவோம்.

இனிதான் விஷயமே. 'சியர்' என்றதும் எல்லோரும் 'மகிழ்ச்சி' என்று எழுதிவிடுகிறார்கள். சியர்ஸ் சொல்லிப் பழகிய தோஷம். மேம்போக்கான வாசிப்பு! பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்தச் சொல்லுக்கு முகம் என்று பொருள். அதற்கு உறவான 'காரா' ஸ்பானிஷில் இன்றும் முகம்தான். முகம், பிறகு முகத்தில் தெரியும் மனநிலை. மகிழ்ச்சி கடைசியில் வந்து ஒட்டிக்கொண்டது. செருப்பைக் கழற்றும்போதே நம் பாட்டி 'ஏன்டா, முகம் ஒரு மாதிரி இருக்கு?' என்பாளே, அந்த வகை விசாரிப்பு இது.

நம்பாதவர்கள் ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பெஸ்ட்' நாடகத்தைத் திறக்கட்டும். இடியும் மின்னலும் இறங்கும் முதல் காட்சியில், கப்பல் தலைவன் கூப்பிட்டதும் மாலுமிகளை மேய்ப்பவன் கேட்பது 'வாட் சியர்' என்றுதான். முழுகப்போகிற கப்பலில் எவனாவது 'என்ன மகிழ்ச்சி?' என்று கேட்பானா?

கடல் தாண்டியும் போயிருக்கிறது. அமெரிக்காவில் ஆங்கிலேயர்கள் நாரகான்செட் பழங்குடியினரை 'வாட் சியர், நெட்டாப்' என்றுதான் விசாரித்தார்கள் என்று ராஜர் வில்லியம்ஸ் 1643-இல் எழுதிவைத்தார். நெட்டாப் என்றால் அவர்கள் மொழியில் நண்பன். வில்லியம்ஸ் 1636-இல் நிறுவிய பிராவிடன்ஸ் நகரத்தின் முத்திரையிலேயே 'வாட் சியர்' இருக்கிறது. ஒரு நகரமே முத்திரையில் வைத்துக்கொண்டதை நாம் லோக்கல் என்கிறோம்.

உங்களோடு இருக்கட்டும்: நான் லண்டன் போனதில்லை. காலையில் சவரக் கண்ணாடி முன்னால் மோவாயைக் கொஞ்சம் தூக்கி, 'வாட்'டை அழுத்தி, 'சா'வைப் பொத்தென்று கீழே விடுவேன். சோப்பு நுரைக்கு மேலே தெரிகிற முகம் பெரும்பாலும் தூங்கி வழியும். இருந்தாலும் தினமும் விசாரிக்கிறேன்.