அல்டிமேட் போட்டுக் குடுங்ணா

அரசு கொடுத்த லேப்டாப்பை ஆன் செய்ததும் ஒரு கறுப்புத் திரை வரும். அதில் இரண்டு பெயர்கள். ஒன்று பாஸ் லினக்ஸ், இன்னொன்று விண்டோஸ். கீழே நொடிகள் குறைந்துகொண்டே வரும். அதற்குள் பதினேழு வயதுப் பிள்ளை அம்புக்குறியை மேலேயோ கீழேயோ நகர்த்தி ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குள் 'இயங்குதளம்' என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு என்பது தமிழ்நாட்டில் பல லட்சம் வீடுகளுக்குத் தெரியவந்தது அந்தத் திரையில்தான்.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 50 லட்சம் லேப்டாப்களைத் தாண்டியது. சென்னை சி-டாக் உருவாக்கி 2007இல் வெளியிட்ட, டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸ் அந்தப் பெட்டிகளில் ஏறித்தான் ஊர் ஊராகப் போனது. ஓர் அரசு, சாதாரண வீட்டுப் பிள்ளைகளின் கையில் இரண்டு இயங்குதளங்களையும் கொடுத்து, உனக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறது. கேட்க அருமையாகத்தான் இருக்கிறது. பிள்ளைகள் இரண்டையுமே எடுத்துக்கொள்ளவில்லை.

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி அப்போது மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருகிற கடைகள் இருந்தன. ரீசார்ஜ், ஜெராக்ஸ், கம்ப்யூட்டர் சர்வீஸ் எல்லாம் ஒரே பத்துக்குப் பத்து அறைக்குள் நடக்கும். லேப்டாப் கைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே பிள்ளைகள் அங்கே போய் நிற்பார்கள். "அண்ணா, அல்டிமேட் போட்டுக் குடுங்ணா." விண்டோஸ் 7 அல்டிமேட். ஒரிஜினல் லைசென்ஸ் வாங்கினால் லேப்டாப் விலையில் பாதிக்குப் பக்கம் வரும். கடையில் சில நூறு ரூபாய் கூலி, அவ்வளவுதான்.

அந்த ஃபார்மட்டில் பாஸ் லினக்ஸ் மட்டும் அழியவில்லை. அரசு காசு கொடுத்து வாங்கித்தந்த, சட்டப்படியான விண்டோஸும் சேர்ந்தே அழிந்தது. இரண்டு பேர் போட்டியிட்ட தேர்தலில், வாக்குச்சீட்டில் பெயரே இல்லாத மூன்றாவது ஆள் ஜெயித்த கதை இது. விண்டோஸ் வென்றது, லினக்ஸ் தோற்றது என்று இதைச் சொல்வது பாதி உண்மைகூட இல்லை.

முதல் ஆண்டுகளில் வந்த லேப்டாப்களில் இருந்தது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். மைக்ரோசாப்ட் மலிவுக் கணினிகளுக்கென்று கையைக் காலைக் கட்டி அனுப்பிய பதிப்பு. 2 ஜிபிக்கு மேல் ராம் போட்டாலும் அதற்குத் தெரியாது. டிவிடியை நேரடியாக ஓட்டாது. எல்லாவற்றையும்விட, அதில் டெஸ்க்டாப் வால்பேப்பரை மாற்ற முடியாது. சொந்த லேப்டாப்பில் அஜித் படமோ விஜய் படமோ வைக்க முடியவில்லை என்றால் ப்ளஸ் டூ பையன் என்ன செய்வான்? கடைக்குத்தான் போவான். வேடிக்கை என்னவென்றால், பக்கத்திலேயே இருந்த பாஸ் லினக்ஸில் ரைட் கிளிக் செய்தால் வால்பேப்பர் மாறிவிடும். கட்டற்ற மென்பொருளின் நான்கு சுதந்திரங்களைப் பற்றி நம் ஆட்கள் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். இந்த ஐந்தாவது சுதந்திரத்தை யாராவது பிள்ளைகளிடம் சொல்லியிருந்தால் கதை கொஞ்சமாவது மாறியிருக்கும்.

இயங்குதளத் தேர்வைப் பற்றி இலக்கிய வாசகர்களுக்குத் தெரிந்த கட்டுரைகள் இரண்டு. ஒன்று, 1994இல் உம்பர்தோ எக்கோ ஓர் இத்தாலியப் பத்திரிகைப் பத்தியில் எழுதியது. மெக்கின்டோஷ் கத்தோலிக்கம், டாஸ் புராட்டஸ்டன்ட் என்றார். ஒன்று பக்தனைக் கைபிடித்து மோட்சத்துக்கு அழைத்துப்போகும்; இன்னொன்று அவனையே வேதத்தைப் படித்துப் புரிந்துகொள்ளச் சொல்லும். புத்திசாலித்தனமான பத்திதான். ஆனால் எக்கோவின் உவமையில் எல்லோரும் விசுவாசிகள். நம் தெருவில் இருப்பவர்கள் எல்லாச் சாமியையும் கும்பிட்டுவிட்டுக் காரியம் எங்கே நடக்கிறதோ அங்கே தேங்காய் உடைக்கிறவர்கள். மதத்தை வைத்து இந்தத் தேர்வை விளக்க முடியாது.

இரண்டாவது, நீல் ஸ்டீஃபன்சன் 1999இல் எழுதிய 'இன் தி பிகினிங் வாஸ் தி கமாண்ட் லைன்'. ஒரே சாலைச் சந்திப்பில் நான்கு வாகனக் கடைகள். ஒன்றில் விண்டோஸ் எனும் அழகில்லாத குடும்ப வண்டி, ஒன்றில் மேக் எனும் பளபளப்பான கார், இன்னொன்றில் இன்று யாருக்கும் நினைவில்லாத பி-ஓஎஸ். கடைசியில் கடையே இல்லை. திறந்த வெளியில் சில தன்னார்வலர்கள் ராணுவ டாங்கிகளைச் செய்து சும்மா கொடுக்கிறார்கள். சாவி உள்ளேயே இருக்கிறது, ஓட்டிக்கொண்டு போகலாம். அதுதான் லினக்ஸ். ஜனங்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் குடும்ப வண்டியை வாங்கிப் போகிறார்கள். ஸ்டீஃபன்சன் இதை மக்களின் மடமை என்று முழுக்க நம்புகிறார் என்று நான் நினைக்கவில்லை. ஏனென்றால், டாங்கியை வேண்டாம் என்கிற ஆளை அவர் ஒரு கேள்வி கேட்க வைக்கிறார். பழுதானால் யார் பார்ப்பார்கள்? தன்னார்வலன் உற்சாகமாக, நீங்கள் தூங்கும்போதே உங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சும்மா சரி செய்து தருவோம் என்கிறான். அந்த ஆள் மிரண்டுபோய், என் வீட்டுப் பக்கமே வராதே என்கிறான்.

இந்த இடத்தில் ஸ்டீஃபன்சன் சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். எனக்கு முழுக் கட்டுரையும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அவர் நம்மூரில் பிறந்திருந்தால் இதை இன்னும் நன்றாக எழுதியிருப்பார். கோவை பம்ப்செட் செய்கிற ஊர். சிங்காநல்லூர், பீளமேடு, கணபதி என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு ஃபவுண்டரி, நாலு லேத்து, ஒரு மோட்டார் வைண்டிங் கடை. சூலூர்ப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் போர்வெல்லுக்கு மோட்டார் வாங்கும்போது எத்தனை ஹெச்பி, எத்தனை ஸ்டேஜ் என்பதெல்லாம் கேட்பார். கடைசிக் கேள்வி ஒன்று உண்டு. "காயில் போச்சுன்னா நம்ம வைண்டிங்காரரு கட்டிக் குடுத்துருவாருங்களா?" அதற்குப் பதில் இல்லையென்றால் எவ்வளவு நல்ல மோட்டாராக இருந்தாலும் வேண்டாம். பயிர் காய்கிற வாரத்தில் கிணற்றுக்குள் கிடக்கிற தரச்சான்று தண்ணீர் இறைக்காது. அந்தத் தோட்டத்துக்காரரின் மகன் லேப்டாப்பில் செய்ததும் இதே கணக்குத்தான். பஸ் ஸ்டாண்ட் கடைக்காரருக்குத் தெரிந்தது விண்டோஸ். அவரிடம் பாஸ் லினக்ஸைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் நமக்கு ஆவாது கண்ணு, அழிச்சு உட்டுர்றேன், எடம் மிச்சமாகும்" என்பார். பொய்யும் இல்லை, எடம் மிச்சமானது.

லினக்ஸ் கஷ்டமானது, சாதாரண ஜனங்களுக்கு ஒத்துவராது என்கிறவர்களுக்குப் பதில் ரொம்ப தூரத்தில் இல்லை. சிங்காநல்லூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம், சில சமயம் கொஞ்சம் கூட, வாளையார் தாண்டினால் கேரளம். அங்கே ஐ.டி. அட் ஸ்கூல் என்ற திட்டம் 2000களின் நடுவிலேயே பள்ளிக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. இன்று அதை நடத்துவது கைட் என்கிற அரசு நிறுவனம். உபுண்டுவை எடுத்துத் தங்கள் பாடத்துக்கு ஏற்றபடி மாற்றிப் பள்ளிகளுக்குத் தருகிறார்கள். முக்கியமான வித்தியாசம் மென்பொருளில் இல்லை. அங்கே பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணினி ஒரு பாடம், அதற்குச் செய்முறைத் தேர்வு உண்டு, தேர்வு லினக்ஸில் நடக்கும். ஆகவே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாக வேண்டியிருந்தது. பழுதானால் கேட்க ஆள் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே இருந்தார். நாம் பெட்டியைக் கொடுத்தோம். அவர்கள் வைண்டிங்காரரை உருவாக்கினார்கள்.

நம் பக்கம் முயற்சியே இல்லை என்று சொன்னால் அநியாயம். சி. உமாசங்கர் 2006 முதல் 2008 வரை எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, அந்த நிறுவனத்தையே சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாற்றிக் காட்டினார். அவர் மாற்றலானதும் வேகம் போய்விட்டது. ஓர் அதிகாரியின் ஆர்வத்தில் நிற்கிற கொள்கைக்கு ஆயுள் அவருடைய அடுத்த டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வரைக்கும்தான். 2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியபோது அரசு தன் துறைகளைப் பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது. சொன்னதோடு சரி. எங்கள் தலைமுறை ப்ளஸ் டூ பாடத்தில் ஸ்டார் ஆபீஸ் படித்தது. அதையும் விண்டோஸில்தான் படித்தோம், மார்க் வாங்கினோம், அன்றோடு மறந்தோம்.

எழுத்துரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தமிழர்களை இறுக்கிப் பிடித்த பூட்டு அது. அரசு அலுவலகங்களில் வானவில், டிடிபி கடைகளில் ஸ்ரீலிபி, பாமினி. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் கலந்த உப்புமா. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2000களின் தொடக்கத்தில் வந்ததோடு நின்றுபோனது. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடைகளில் அது அதற்குப் பிறகும் பல வருஷம் உயிரோடு இருந்தது. அந்த ஃபைல்கள் இருக்கும்வரை அந்தக் கடை விண்டோஸை விட்டு நகர முடியாது. இந்தப் பூட்டை உடைக்கிற அரசாணை 2010 ஜூனில், கோவை கொடிசியாவில் செம்மொழி மாநாடு நடந்தபோது வந்தது: இனி யூனிகோடும் டேஸ்16உம்தான் தமிழ்நாட்டின் அதிகாரபூர்வக் குறியேற்றங்கள். சிங்காநல்லூருக்குச் சில கிலோமீட்டர் தள்ளித்தான் கொடிசியா. ஆனாலும் அந்த ஆணை நம்மூர் டிடிபி கடைக்கு வந்துசேரப் பல வருஷம் ஆனது. மாநாட்டுக்குப் போட்ட ரோடுகள் சீக்கிரம் வந்துவிட்டன.

பாஸ் லினக்ஸின் தமிழ் முகப்பையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். கோப்பு, அடைவு, சாளரம் எல்லாம் எனக்குப் பிடித்த சொற்கள். அவற்றை மெனக்கெட்டு மொழிபெயர்த்தவர்கள் மேல் மரியாதையும் உண்டு. கடைக்கார அண்ணன் 'ஃபோல்டர ஓப்பன் பண்ணு' என்பார். திரையில் 'அடைவு' இருக்கும். பிள்ளை இரண்டையும் இணைக்கத் தெரியாமல் முழிக்கும். பேச ஆள் இல்லாத இடத்தில் நல்ல தமிழும் அந்நிய மொழிதான்.

இப்போதைக்கு வருவோம். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 சிப், புதிய பிராசசர் என்று மைக்ரோசாப்ட் நிபந்தனை போட்டிருக்கிறது. பழைய அரசு லேப்டாப் எதுவும் முறைப்படி அந்த வாசலைத் தாண்டாது. அதை எடைக்குப் போடலாமா என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: 4 ஜிபி ராம் இருந்தால் ஒரு சின்ன எஸ்எஸ்டி வாங்கி லினக்ஸ் மின்ட் போடுங்கள், எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2 ஜிபிதான் என்றால் லுபுண்டு போட்டுப் பாருங்கள், ஆனால் யூட்யூபும் பத்து டேபும் ஒன்றாக ஓடும் என்று நம்ப வேண்டாம். டைப் செய்ய, பிடிஎஃப் படிக்க, பைத்தான் பழகப் போதும். தமிழ்99 உள்ளேயே இருக்கிறது. தமிழில் படித்துக் கற்றுக்கொள்ளக் கணியம் தளம் 2012லிருந்து எழுதிக் குவித்திருக்கிறது.

டேலியில் கணக்கு எழுதுகிறவரிடம், ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகுகிறவரிடம், ஆட்டோகேடில் பம்ப் உறை வரைகிறவரிடம் இதைச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு விண்டோஸ்தான், ஆனால் காசு கொடுத்து வாங்கியது. பிழைப்பையே அதில் வைத்துக்கொண்டு கிராக் போடுவது, கிணற்றுக் கயிற்றை இற்றுப்போனதாகப் பார்த்து வாங்குவதைப் போன்றது. மேக்கைப் பற்றி நம் பக்கத்தில் பேச ஒன்றுமில்லை. பெரும்பாலும் அதைத் தேர்ந்தெடுப்பது ஐடி கம்பெனி, நாம் இல்லை. செல்போனில் லினக்ஸ் கெர்னலின் மேல் ஓடுகிற ஆண்ட்ராய்டை எல்லோரும் வைத்திருக்கிறோம் என்று உடனே ஒரு நண்பர் எழுதுவார். சரி, வைத்திருக்கிறோம்.

2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழக அரசு, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப்போ டேப்லெட்டோ தரப்போவதாக அறிவித்து, முதற்கட்டமாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. எந்த பிராண்ட், எத்தனை ஜிபி என்று எல்லோரும் பேசினார்கள். பட்டியலில் எந்த இயங்குதளம் இருக்கிறது என்பதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. கல்லூரிக்கு ஒரு லேப் அசிஸ்டென்ட், அவருக்கு இரண்டு வாரப் பயிற்சி, வாரத்தில் ஒரு மத்தியானம் 'எது ஓடலையோ கொண்டாங்க' என்று உட்கார ஒரு மேசை. இதற்கு அந்த 2,000 கோடியில் எவ்வளவு போயிருக்கும்? மேசை போடாத கல்லூரியில் பையன் மறுபடியும் பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போவான். கடைக்கார அண்ணன் இன்னும் அங்கேதான் இருக்கிறார். இப்போது அவர் பென்டிரைவில் வைத்திருப்பது விண்டோஸ் 11 ப்ரோ.