டைனமோவைக் கழற்றுமுன்

பழைய பிக்கப் வண்டியை வாங்கிச் செப்பனிட்டு ஓட்டும் ஆர்வம் கோவை வட்டாரத்தில் உண்டு. அவினாசி சாலையில் 2015-இல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகத்தைப் பார்த்துவரும் மாணவருக்கும் அந்த ஆசை எழக்கூடும். ஆனால், பாட்டரி இறங்கிவிடுகிறது என்றவுடன் பலரும் சொல்லும் வைத்தியம் ஒன்றே: "டைனமோவைத் தூக்கிப் போடு, ஆல்டர்னேட்டரை மாட்டு." இதில் பாதி சரி; மறுபாதி ஆபத்து.

முதலில் டைனமோவின் தரப்பைக் கேட்போம். லூகாஸ் சி40 வகை டைனமோ 22 ஆம்பியர் தரும். 45 வாட் முகப்பு விளக்குகள் இரண்டுக்கும் ஏழரை ஆம்பியர், சிறு விளக்குகளுக்கு 2, இக்னிஷனுக்கு 4, வைப்பருக்கு 3 என வைத்தாலும் பதினாறரைதான். அந்தக் கால வண்டிக்கு இது போதும். பொள்ளாச்சிச் சாலையில் ஓடும்போது பாட்டரிக்கு மின்னேற்றமும் நடக்கும். காந்திபுரத்து நெரிசலில் விளக்கெரிய நிற்கும்போதோ டைனமோ மெல்லச் சுழல்வதால் கட்-அவுட் விட்டுவிடும். முழுச்சுமையும் பாட்டரியின் தலையில் விழும். இது டைனமோவின் உண்மையான குறை.

எல்லாப் பழுதும் அந்தக் குறையால் வருவதல்ல. தளர்ந்த பெல்ட், துருவேறிய எர்த் இணைப்பு, தேய்ந்த கார்பன் இவற்றை முதலில் பார்க்க வேண்டும். பிறகு டைனமோவின் 'டி', 'எஃப்' முனைகளிலுள்ள கம்பிகளைக் கழற்றி, அம்முனைகளை ஒன்றாக இணைத்து, அங்கிருந்து எர்த்துக்கு வோல்ட்மீட்டர் வைத்து, எஞ்சினை மெல்ல முடுக்க வேண்டும். அளவு விரைவாக ஏறினால் டைனமோ நலம். குற்றம் ரெகுலேட்டரிலோ கம்பியிலோ இருக்கிறது. (20 வோல்ட்டைத் தாண்ட விடக்கூடாது.) ஒரு வோல்ட்டளவில் நின்றால் புலச்சுருளையும், நாலைந்தில் நின்றால் ஆர்மேச்சரையும் சந்தேகிக்கலாம். மோட்டாருக்குக் காயில் கட்டியே பேர்பெற்ற ஊரில், இந்தச் சிறு சோதனைகூடச் செய்யாமல் நல்ல டைனமோவைப் பழைய இரும்புக்குப் போடுவது வியப்பே!

ஆல்டர்னேட்டரின் மேன்மையை யாரும் மறுக்க முடியாது. சிலிக்கான் டயோடுகள் மலிந்தபின், 1960-இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் வேலியன்ட் காரில் அதைப் பொருத்தியது. அதில் புலச்சுருள் சுழல்கிறது. நிலையான சுருளிலிருந்து மின்னோட்டம் எடுக்கப்படுகிறது. கமுட்டேட்டர் இல்லாததால் சிறிய கப்பி பூட்டி வேகமாகச் சுழற்றலாம். எனவே வண்டி நிற்கும்போதும் மின்னேற்றம் கிடைக்கிறது. பாட்டுப்பெட்டியும் கூடுதல் விளக்கும் வேண்டுமென்பவர் மாற்றிக்கொள்வதில் தவறில்லை.

தவறு எங்கே? கருவியை மட்டும் மாற்றிவிட்டுக் கம்பியை மாற்றாததில்! பழைய வண்டியில் மின்னேற்றம் முழுவதும் டாஷ்போர்டிலுள்ள அம்மீட்டர் வழியாகவே போகும். அதன் அளவு பெரும்பாலும் 30 ஆம்பியர். இறங்கிய பாட்டரியும் 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டரும் சேர்ந்தால் மெல்லிய கம்பி சூடேறும்; இணைப்புத் தளர்ந்திருந்தால் டாஷ்போர்டுக்குப் பின்னே தீப்பற்றும். ஆல்டர்னேட்டரிலிருந்து பியூஸ் வைத்த தடித்த கம்பியை நேரே பாட்டரிக்கு இழுத்து, அம்மீட்டருக்குப் பதிலாக வோல்ட்மீட்டர் வைப்பதே முறை. எஞ்சின் ஓடும்போது அது 14 வோல்ட்டையொட்டிக் காட்ட வேண்டும்.

இன்னொன்று: லூகாஸ் கால வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். இன்று கிடைக்கும் ஆல்டர்னேட்டருக்கோ எதிர்முனை எர்த் ஆக வேண்டும். பாட்டரியைத் திருப்பாமல் இணைத்தால், எஞ்சினைக் கிளப்புமுன்பே டயோடுகள் கருகிவிடும்.