ஊனுண்போரும் மொழியறிந்தோனும்

தமிழகத்தின் வடவெல்லை வேங்கடம் என்பது தொல்காப்பியப் பாயிரம் கூறும் செய்தி. அம்மலையடித் திருப்பதியிலும் சித்தூரிலுமாக மைய அரசு எழுத்தராய் நாள் கழித்துவரும் நமக்கு எல்லைப்புறக் கதைகளில் தனி ஈடுபாடு உண்டு. அவ்வகையிற் கண்டதே 'போன் டோமஹாக்' என்னும் அமெரிக்கத் திரைப்படம்; 2015இல் எஸ். கிரெய்க் ஸாலர் எழுதி இயக்கியது. குடும்பத்தோடு காணத்தக்கதன்று. நாமே ஓரிடத்தில் கண்களை மூடிக்கொண்டோம்.

எல்லைப்புறச் சிற்றூர் ஒன்றில் மருத்துவம் அறிந்த மங்கையை, மனித ஊன் தின்னும் குகைவாழ்நர் கவர்ந்து செல்கின்றனர். கால் முறிந்த கணவனும் ஊர்க்காவல் தலைவரும் வேறிருவரும் மீட்கப் புறப்படுகின்றனர். அவர்தம் வழித்துயரை விரைவின்றிக் காட்டும் பகுதி பாலைத்திணைப் பாட்டொன்றைப் படித்தாற்போல் உள்ளது. புல்லியின் வேங்கடம் கடந்து மொழி மாறும் நாட்டிற்குச் செல்லும் தலைவனை மாமூலனார் பாடியதை அன்பர்கள் அறிவர்.

ஆயினும் நமக்கொரு குறை. அக்குகைவாழ்நர்க்கு மொழியே இல்லை என்கிறது படம். தொண்டையிற் பதித்த குழல்போன்ற பொருளால் ஊளையிடுகின்றனர், அவ்வளவே. பேச்சைப் பறித்துவிட்டால் அவர்களைக் கொல்வதில் காண்போர்க்குக் கூச்சம் எழாது. அவர்தம் இடுகாட்டைக் கள்வர் இருவர் மிதித்ததே பகைக்கு முதல் என்று தொடக்கத்திற் காட்டிய இயக்குநர், பின் அதனை மறந்தேபோனார்.

மணிமேகலையின் ஆதிரை பிச்சையிட்ட காதையிலும் ஊனுண்போர் வருகின்றனர். பொருளிழந்து கலமேறிய சாதுவன், கலம் உடைய, ஒடிந்த மரம் பற்றி நாகர் மலைப்பக்கம் சேர்கிறான். உறங்கும் அவனை உணவாக்க நாகர் எழுப்புகின்றனர். அவனோ அவர்கள் மொழியிலேயே பேசுகிறான்! வியந்தோர் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர். கள் கலங்களும் காய்ந்த எலும்பும் முடைநாற்றமும் சூழ அத்தலைவன் இருக்கிறான். சாத்தனார் அருவருப்பை மறைக்கவில்லை. ஆனால் அத்தலைவனுக்கு வினாவும் நகையும் தந்தார். பெண்டிரும் உண்டியும் இல்லாத வாழ்வில் என்ன பயன் என அவன் கேட்கிறான். உடல்விட்ட உயிர் வேறிடம் புகும் என்றதும் அவன் நகைக்கிறான். சாதுவனும் முழுத்துறவை அவர்கள்மேற் சுமத்தவில்லை. கலமுடைந்து வருவோரைக் காக்கவும், மூத்து இறந்த விலங்கன்றி வேறு ஊன் தின்னாதிருக்கவும் கேட்டான்.

படத்திலோ கணவன், மாண்டவன் தொண்டையை அறுத்துக் குழலை எடுத்து ஊதுகிறான். மற்றவரை வரவழைத்துக் கொல்வதற்காக. மாற்றார் ஒலியைக் கற்பதிலும் இத்துணை வேறுபாடு!

நம் வீட்டுப் பிள்ளைகள் தெலுங்கிலேயே பேசுகின்றனர் என்று சங்கத்து முதியோர் வருந்துவதுண்டு. அவ்வருத்தம் நமக்கும் உண்டு. மகளுக்குத் தமிழெழுத்து இன்னும் கைவரவில்லையாதலின் சாதுவன் கதையை வாயாற் சொன்னோம். அந்த மொழியை அவன் எங்கே கற்றான் என்று தெலுங்கில் கேட்டாள். சாத்தனார் இடம் சொல்லவில்லை. பன்மொழி பேசுவோர் கலந்துறைந்த புகார்த் துறைமுகமாக இருக்கலாம் என்றோம்.